ரைன் நதிக்கரையில் ஒரு கற்பனைச் சீட்டு

ரைன் நதியைப் பற்றிப் பிரயாணக் கட்டுரை எழுதுகிறவர்கள் அதன் கரையிலுள்ள பழைய கோட்டைகளையும் திராட்சைத் தோட்டங்களையும் வர்ணிப்பது வழக்கம். நாமும் அந்த உத்தேசத்துடன்தான் பேனாவை எடுத்தோம். ஆனால் அந்த நதிக்கரை நகரம் ஒன்றில் நாம் வசித்த முதல் ஏழு மாதங்களில் கோட்டையைப் பார்த்தது ஒரே ஒரு நாள். காரியாலயங்களின் வாசற்படிகளைப் பார்த்த நாட்களுக்கோ கணக்கில்லை. ஆகையால் நேயர்கள் இந்த ஒரு முறை கோட்டைகளை மன்னித்து, வாசற்படிகளைப் பற்றிக் கேட்க வேண்டும். நகரத்தின் பெயரைச் சொல்லாமல் விடுகிறோம்; காரணம் போகப் போகத் தெரியும்.

கோயமுத்தூரில் பம்பு செய்யும் தொழிற்சாலையொன்றில் பதினோரு வருஷம் உழைத்த பிறகு, ஜெர்மனியில் நமக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. பொறியாளர்களை அந்நாட்டு ஸர்க்கார் ஆள் பற்றாக்குறையுள்ள தொழிலினராகக் கருதுகிறார்கள். ஆகவே, 'நீல அட்டை' என்னும் அநுமதிக்கு மற்றவர்கள் 2025-ஆம் ஆண்டில் வருஷத்துக்கு 48,300 யூரோ சம்பளம் காட்ட வேண்டியிருக்க, நம்மைப் போன்றவர்களுக்கு ஏறக்குறைய 43,760 யூரோவே போதுமானதாயிருந்தது. நாம் படித்த கல்லூரியின் பெயரை அவர்களுடைய ஜாபிதாவில் தேடினோம். அதற்கு எதிரே 'எச்' எழுத்தும் கூட்டல் குறியும் இருந்தன. அவை இருந்தால் நம் கல்லூரியை அவர்கள் கல்லூரி என்று ஒப்புக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். ஆறு மாத விஸாவுடன் மார்ச் மாதத்தில் விமானம் ஏறினோம். பிற்பாடு நடந்ததை நினைத்தால், அதுவரை நடந்ததெல்லாம் வெறும் குழந்தை விளையாட்டுத்தான்.

அந்த நாட்டில் குடியேறுகிறவன் எவனும், வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர காரியாலயத்தில் தன் விலாசத்தைப் பதிய வேண்டும். சொந்த நாட்டாருக்கும் இதே சட்டந்தான். பதிந்தால்தான் வரி எண் தபாலில் வரும். அது பதினோரு இலக்கம் கொண்டது. அது வராவிட்டால் சம்பளத்தில் மிக உயர்ந்த வகுப்பு வரியைப் பிடித்துக்கொள்ள நேரிடும். பதிவதற்கோ, "இன்னார் என் வீட்டில் குடியிருக்கிறார்" என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட காகிதம் வேண்டும். போலி விலாசங்களை ஒழிப்பதற்காக 2015-ஆம் வருஷம் நவம்பர் முதல் இந்த ஏற்பாடு. வீட்டுக்காரர்களோ, மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் காட்டினால்தான் வீடு தருவோம் என்கிறார்கள். வந்து மூன்று வாரம் ஆனவனிடம் மூன்று மாதச் சம்பளச் சீட்டு ஏது? செக்கைச் சுற்றி வரும் மாட்டுக்காவது கொஞ்சம் எண்ணெய் இறங்குகிறது என்ற திருப்தி இருக்கும். நமக்கு அதுவும் இல்லை.

முதலில் இருந்த அறையின் சொந்தக்காரர் மிகவும் நல்ல மனிதர் போலத்தான் பேசினார். வாடகையை மாத ஆரம்பத்தில் வாங்கிக்கொண்டார். காகிதம் கேட்டதும், "இது தற்காலிக அறை, காகிதம் கிடையாது" என்று கதவைச் சாத்தினார். கொடுக்க வேண்டியது அவர் கடமை என்று சட்டம் சொல்கிறது. ஆனால் சட்டத்தை அவருக்கு எடுத்துச் சொல்லும் அளவுக்கு நமக்கு ஜெர்மன் வரவில்லை. இரவில் அந்த அறையிலேயே தூங்கவும் வேண்டியிருந்தது.

இந்த நிலையில்தான் ரயிலடிக்கு அருகே முருங்கைக்காய் விற்கும் கடையைக் கண்டோம். யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் அதன் முதலாளி. நம் முகத்தைப் பார்த்ததுமே, "தம்பி, வீடோ, காகிதமோ?" என்று கேட்டார். "இரண்டும்தான், அண்ணை" என்றோம். தம் கடைக்கு வழக்கமாய் வரும் ஒரு விதவை மூதாட்டியிடம் நம்மை அழைத்துச் சென்றார். அந்த அம்மாளின் மாடியில் ஓர் அறை காலியாயிருந்தது. அவர் நம் உத்தியோக ஒப்பந்தத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். மறுவாரம் நகர காரியாலயத்தில் பத்தே நிமிஷத்தில் விலாசம் பதிவாகிவிட்டது. பெரியவர் ஒரு புத்தி சொன்னார்: "தபால் பெட்டியில் உம்முடைய பேரை ஒட்டும். பேர் இல்லாத பெட்டியில் தபால்காரன் ஒன்றும் போட மாட்டான்." அன்று மாலையே ஒட்டினோம்.

அந்தக் கோடையில் பெரியவர் நம்மை ஹாம் நகரத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே தொழிற்சாலைகளுக்கு நடுவே, பதினேழு மீட்டர் உயரக் கோபுரத்துடன் காமாட்சி அம்பாள் கோயில் நிற்கிறது. ஈழத் தமிழர்கள் கட்டி, 2002-ஆம் வருஷம் கும்பாபிஷேகம் செய்தது. பக்கத்தில் ஓடும் கால்வாய்தான் தீர்த்தம். கால்வாய்க் கரையில் உட்கார்ந்து, பெரியவர் தம் கதையைச் சொன்னார். 1984-ல் கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி, அங்கிருந்து மேற்கு பெர்லினுக்குள் வந்தாராம். அக்காலத்தில் பல தமிழர்கள் வந்த வழி அது. அடுத்த வருஷமே கிழக்கு ஜெர்மானிய ஸர்க்கார் அதை அடைத்துவிட்டார்கள். அகதி மனு கொடுத்திருந்தவர்கள் தங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டுவதற்கே அநுமதிக் காகிதம் வேண்டியிருந்தது. மனு தள்ளுபடியான பின், 'டுல்டுங்' என்ற சீட்டைக் கொடுத்தார்கள். அந்தச் சொல்லுக்குப் 'பொறுத்துக் கொள்ளுதல்' என்று பொருள். இருக்க அநுமதியல்ல; வெளியேற்றுவதை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

"தாயின்ர செத்த வீட்டுக்கும் போக ஏலாமல் போச்சு, தம்பி. போனால் திரும்பி வர வழியில்லை" என்றார் பெரியவர். பிறகு வெகு நேரம் இருவரும் பேசவில்லை.

அந்த வார்த்தை இவ்வளவு சீக்கிரத்தில் நமக்கு உதவும் என்று அப்போது தெரியாது.

நீல அட்டைக்கு ஜூலையிலேயே விண்ணப்பம் அனுப்பியிருந்தோம். ஒரு பதிலும் இல்லை. விஸா முடிய ஒன்பது நாள் இருக்கையில் கோயமுத்தூரிலிருந்து தங்கை கூப்பிட்டாள். அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. சஸ்திர சிகிச்சை செய்ய வேண்டுமாம். புறப்பட்டுப் போய்விடலாம். விஸா முடிந்த பிறகு திரும்பி வருவது எப்படி?

அன்று மாலை கடையில் இதைச் சொன்னதும், பெரியவர் கல்லாவை மகனிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். "விஸா முடிய முன்னமே மனுக் கொடுத்தனீர்தானே? அப்ப உமக்கு உரிமை இருக்கு. அவங்கள் ஒரு காகிதம் தருவாங்கள். அதில் மூன்று கட்டம் இருக்கும். புள்ளடி கடைசிக் கட்டத்தில் இருக்குதோ என்று பாரும். மற்றக் கட்டம் என்றால் ஊருக்குப் போகலாம், திரும்பி வர விடமாட்டாங்கள்" என்றார்.

அந்தக் காகிதத்தின் பெயரை நேரே பெயர்த்தால் 'கற்பனைச் சான்றிதழ்' என்றுதான் வரும். அநுமதி இன்னும் கொடுக்கப்படவில்லை. ஆயினும் கொடுத்ததாகவே சட்டம் பாவித்துக்கொள்கிறது. வேதாந்திகள் கூட இதைவிட நுட்பமாக மாயையை விளக்கியிருக்க மாட்டார்கள். கட்டணம் பதின்மூன்று யூரோ.

மறுநாள் விடியற்காலை ஆறு மணிக்கே அயலார் காரியாலயத்தின் வாசலில் நின்றோம். நமக்கு முன்னால் நாற்பது பேர் இருந்தார்கள். பதினொரு மணிக்கு நம் இலக்கம் பலகையில் வந்தது. குமாஸ்தா அம்மாள் ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் பார்த்தார். காகிதத்தை அச்சடித்து முத்திரையிட்டு நீட்டினார். வெளியே ஓடிவிடத்தான் கால் துடித்தது. கதவருகில் நின்று புரட்டிப் பார்த்தோம். புள்ளடி முதல் கட்டத்தில் இருந்தது!

பின்னால் வரிசையிலிருந்தவர்கள் முணுமுணுக்க, நாம் திரும்பி வந்து, நமக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில், "அம்மணி, எண்பத்தோராம் பிரிவு, நாலாம் உட்பிரிவு அல்லவா?" என்றோம். அந்த அம்மாள் நம் விஸாவை இன்னொரு தடவை புரட்டினார். விண்ணப்பத் தேதியைக் கணினியில் பார்த்தார். முகம் சிவந்தது. ஒரு வார்த்தை பேசாமல் வேறு காகிதம் அச்சடித்தார். கோப்பைத் திறந்ததுதான் திறந்தாயிற்று என்று நினைத்தாரோ என்னவோ, அட்டைக்கு வேண்டிய கைரேகையையும் அப்போதே எடுத்துக்கொண்டார்.

அம்மாவுக்குச் சிகிச்சை நல்லபடியாக நடந்தது. மூன்று வாரம் பக்கத்திலிருந்தோம். புறப்படும் முன் அம்மா அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "இதுலே எந்தக் கட்டம் கண்ணு?" என்றாள். காட்டினோம். அந்தப் புள்ளடியின் மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

பிராங்பர்ட் விமான நிலையத்தில் இளம் உத்தியோகஸ்தர் ஒருவர் காலாவதியான விஸாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். காகிதத்தை நீட்டினோம். மூன்றாவது கட்டத்தைப் பார்த்தார். கடவுச்சீட்டில் முத்திரை குத்தினார். மூதாட்டியின் வீட்டை அடையும்போது நன்றாக இருட்டிவிட்டது. நம் பெயர் ஒட்டியிருந்த தபால் பெட்டியில் பெர்லின் ஸர்க்கார் அச்சகத்திலிருந்து வந்த ஓர் உறை கிடந்தது. நமது அட்டைக்குரிய ரகசிய எண் அதற்குள் இருந்தது.