கட்டையை மாற்றுவதா, வேண்டாமா?

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில், வேட்டைத் துப்பாக்கிக்குக் கட்டை செய்யும் பட்டறை ஒன்றில் சில நாள் உட்கார்ந்து வேலையைப் பார்த்தேன். அங்கே இரண்டே பேர்தான். எழுபதைத் தொட்ட பெரியவர் ஒருவர். அவரிடம் தொழில் பழகும் இளம்பெண் ஒருத்தி. கொலராடோவின் டிரினிடாட் நகரக் கல்லூரியில் 1947 முதல் துப்பாக்கித் தொழிலுக்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. அதை முடித்துவிட்டு வந்தவள் அவள்.

வேட்டை தடைசெய்யப்பட்ட நம் நாட்டிலிருந்து போகிறவருக்கு அந்த ஊர் புதிதாகத்தான் இருக்கும். அங்கே உரிமம் வாங்கி, பருவம் பார்த்து, ஒரு மானையோ எல்க் எனும் பெரிய மானையோ சுட்டுவந்து, குளிர்காலம் முழுக்க அந்தக் கறியைச் சாப்பிடுகிற குடும்பங்கள் ஏராளம். பட்டறைக்கு வருகிறவர்கள் அவர்கள்தான். கம்பெனி போட்டுக் கொடுத்த கட்டையைக் கழற்றிவிட்டு நல்லதாக ஒன்று போடலாமா என்பதுதான் அவர்களில் பலருடைய கேள்வி.

கட்டை என்றால் தோளில் ஊன்றும் பின்பகுதி மட்டுமல்ல. குழலும், தோட்டா ஏறி வெடிக்கும் இரும்புக் கூடும் உட்கார்ந்திருக்கும் படுக்கையே அதுதான். இரண்டு மூன்று திருகாணிகள்தாம் இரும்பையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கின்றன. ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் இரும்பு பழைய இடத்திலேயே வந்து உட்கார வேண்டும். மயிரிழை தள்ளி உட்கார்ந்தாலும் 200 மீட்டரில் குறி தப்பும். குறி தப்பினால் மான் உடனே விழாது. வயிற்றிலோ காலிலோ குண்டு வாங்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடி, நாள் கணக்கில் துடித்துச் சாகும். ஒவ்வொரு துப்பாக்கியையும் பெரியவர் இந்தக் கண்ணோடுதான் கையில் எடுக்கிறார். அந்தத் தொழில் மீது எனக்கு மதிப்பு வந்தது அதனால்தான்.

ஒரு நாள் காலை ஓர் இளைஞர் வந்தார். கையில் குறைந்த விலைத் துப்பாக்கி, கறுப்பு பிளாஸ்டிக் கட்டை. அதை எறிந்துவிட்டு வால்நட் மரத்தில் அழகான கட்டை வேண்டும் என்றார்; பணமும் சேர்த்து வைத்திருந்தார். பெரியவர் பதில் சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு டாலர் நோட்டை எடுத்துக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே செருகினார். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. பிறகு இளைஞரைக் குப்புறப் படுத்து, தோள்வாரைக் கையில் சுற்றி இறுக்கி, குறி பார்க்கச் சொன்னார். அப்போது நோட்டை இழுத்தார். வரவில்லை. வார் இழுத்த இழுப்பில் பிளாஸ்டிக் வளைந்து குழலை முட்டிக்கொண்டு நின்றது; அப்படி முட்டினால் குறி விலகும்.

அடுத்து, குழலில் அசைவை அளக்கும் டயல் கேஜை மாட்டி முன் திருகாணியை மெல்லத் தளர்த்தினார். முள் 0.05 மில்லிமீட்டருக்குள் அசைந்தால் அவருக்குத் திருப்தி. இங்கே அதைப்போல் பல மடங்கு ஓடியது. கட்டைக்குள் இரும்பு நேராக உட்காரவில்லை. திருகாணிகள்தாம் அதை முறுக்கிப் பிடித்து வைத்திருக்கின்றன.

மரக் கட்டையாக இருந்தால் எபாக்சி பசையை வார்த்து, இரும்பின் அச்சிலேயே புதுப் படுக்கை செய்துவிடலாம், செலவும் அதிகமில்லை. வார்ப்பு பிளாஸ்டிக்கில் எபாக்சி சரியாகப் பிடிக்காது. ஆகவே கட்டையை மாற்றத்தான் வேண்டும். ஆனால் வால்நட் வேண்டாம், கண்ணாடியிழைக் கட்டை போதும் என்றார் பெரியவர். இளைஞர் வேட்டையாடுவது மழையும் பனியும் மாறி மாறி அடிக்கும் மலைமுகட்டில். மரம் ஈரத்தை வாங்கி ஊதும், காய்ந்தால் சுருங்கும். கண்ணாடியிழை அப்படியே இருக்கும்; சில நூறு டாலரில் முடியும். வால்நட் என்றால் சில ஆயிரம் ஆகும். தனக்கு வரவேண்டிய அந்த ஆயிரங்களைத் தானே வேண்டாமென்று சொல்லி அனுப்பினார்.

கம்பெனிக் கட்டை எல்லாமே மட்டம் என்று இதற்குப் பொருளில்லை. வின்செஸ்டர் கம்பெனியின் மாடல் 70 துப்பாக்கி 1936-இல் வெளிவந்தது. கை வழுக்காமலிருக்க அதன் கட்டையில் போடும் குறுக்குக்கோடுகளைத் தொடக்கத்தில் வெட்டித்தான் போட்டார்கள். செலவைக் குறைக்க 1964-இல் அச்சு வைத்து அழுத்தத் தொடங்கினார்கள். வேட்டைக்காரர்கள் முகம் சுளித்தார்கள்; 1964-க்கு முந்தைய துப்பாக்கிகளுக்கு இன்றும் தனி விலை உண்டு.

அப்படி ஒன்றைத்தான் ஓர் அம்மா கொண்டுவந்தார். அவருடைய அப்பா வைத்திருந்தது. இரும்பு அசையாமல் உட்கார்ந்திருந்தது, மரமும் கெட்டி. ஆனால் சுடும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்கிறேன் என்றார். பெரியவர் அவரைத் துப்பாக்கியைத் தோளில் ஏற்றச் சொல்லிப் பார்த்தார். விசையிலிருந்து கட்டையின் முனைவரை பதின்மூன்றரை அங்குலம். அது சராசரி ஆணுக்கான அளவு. குள்ளமான அந்த அம்மா குளிர்கோட்டும் போட்டிருந்தார். போதாததற்குக் கன்னம் வைக்கும் மேடு தாழ்வு. தொலைநோக்கி இல்லாமல் குறி பார்ப்பதற்கென்று அமைத்த மேடு அது. தொலைநோக்கியில் பார்க்கத் தலையைத் தூக்கினால் கன்னத்துக்கு ஆதாரமில்லை. வெடித்ததும் கட்டை முகத்தில் மோதுகிறது. ஓர் அங்குலம் அறுத்தால் பாதிச் சிக்கல் தீரும். ஆனால் அறுத்த கட்டையைத் திரும்ப வளர்க்க முடியாது, சேகரிப்பவர்களிடம் விலையும் விழுந்துவிடும். அப்பாவின் கட்டையைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள், உங்கள் உடம்புக்கு வேறொன்று செய்து தருகிறேன் என்றார்.

அந்த வேலை இளம்பெண் கைக்குப் போனது. மரத்துண்டைத் தேர்ந்தபோது அவள் பின்பக்கத்து மரவரிகளின் அழகைக் கண்டுகொள்ளவே இல்லை. கை பிடிக்கும் ஒடுங்கிய இடத்தில் மர நரம்பு நேராக ஓடுகிறதா என்றுதான் பார்த்தாள். கட்டை முறிவது அங்கேதான். இரும்பில் கறுப்பு மையை மெல்லிசாகத் தடவுவாள், பள்ளத்தில் இறக்கி மரச்சுத்தியால் ஒரு தட்டு, வெளியே எடுப்பாள். மரத்தில் எங்கெல்லாம் கறுப்புப் புள்ளியோ அங்கெல்லாம் உளியால் தூள் தூளாகச் சுரண்டுவாள். மறுபடி மை, மறுபடி தட்டு. மதியம் முழுக்க இதுதான். புள்ளி ஒன்றிரண்டாக இருந்தது மெல்லப் பெருகி, கடைசியில் பள்ளம் முழுவதும் ஒரே சீராகக் கறுத்தது. இயந்திரம் கடைந்து கொடுத்த கட்டைக்கும் இந்தக் கடைசி நெருக்கம் கையால்தான் வரவேண்டும். வால்நட் தூசி மூச்சுக்கு ஆகாது என்பதால் அவள் முகமூடியைக் கழற்றவே இல்லை.

முழுத் துண்டிலிருந்து ஒரு கட்டை வர நூறு மணி நேரம் பிடிக்கும் என்றார்கள். அந்த நேரத்துக்குத்தான் அந்த விலை. அது அதிகமென்று எனக்குப் படவில்லை.

கட்டையை மாற்ற நினைப்பவர்கள் முதலில் நோட்டைச் செருகிப் பாருங்கள், குளிர்கோட்டோடு துப்பாக்கியைத் தோளில் ஏற்றிப் பாருங்கள். இரும்பு நன்றாக உட்கார்ந்து, அளவும் பொருந்தினால் அந்தப் பணத்தில் தோட்டா வாங்கிப் பயிற்சி செய்யுங்கள். அழகுக்காகத்தான் வால்நட் வேண்டும் என்றால் அதுவும் நியாயமான ஆசைதான். ஆனால் அக்டோபர் கடைசியில் பருவம் திறக்க இருக்கும்போது செப்டம்பரில் போய் அவசரப்படுத்தாதீர்கள். வேலையை ஜனவரியில் கொடுங்கள்.