எந்த லெவலில் வேலை?

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு வக்கீலின் பெயர்ப்பலகை. பெயர், பட்டம், அதற்குக் கீழே 'தொழிலாளர், நுகர்வோர் வழக்குகள்'. இந்த இரண்டையும் ஒருவர் ஏன் சேர்த்து எடுத்துக்கொள்கிறார் என்ற யோசனை என்னைப் பிடித்துக்கொண்டது.

ஒரு ஒற்றுமை உண்டு. இரண்டிலும் வக்கீல் கட்டாயமில்லை. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் 36ஆம் பிரிவு, தொழிலாளர் நீதிமன்றத்தில் வக்கீல் ஆஜராக வேண்டுமானால் எதிர்த்தரப்பின் சம்மதமும் நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டும் என்றது. சங்க நிர்வாகிக்கு அந்தத் தடை இல்லை. 1986இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் பாதிக்கப்பட்டவரே நேரில் வந்து வாதாட இடம் கொடுத்தது. ஆகவே இந்த வழக்குகளுக்கான படிப்பு சங்க ஆபீஸ் பெஞ்சில்தான் தொடங்குகிறது என்பது என் கட்சி.

என் பெரியப்பா சாம்பியன் ரீஃபில் சுரங்கம் இறங்கியவர். சாயங்காலம் சங்க ஆபீசில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பார். சட்டக் கல்லூரி வாசலை மிதித்தவரில்லை. ஒருநாள் இருமிக்கொண்டே வந்த ஒருவர் எக்ஸ்ரே படத்தை நீட்டினார். பெரியப்பா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நுரையீரல் முழுக்கப் பொடிப்பொடியாய் வெள்ளைப் புள்ளிகள். படத்தைப் பார்த்தது கொஞ்ச நேரம்தான். அப்புறம் ஒரே கேள்விகள்.

"எந்த லெவல்ல வேலை அண்ணே? டிரில்லா, கல்லு அள்ளுறதா? தண்ணி விட்டுத் துளை போட்டீங்களா, காஞ்ச பாறையிலயா? வேலைய விட்டு எத்தனை வருஷம்?"

பாறையைத் துளைக்கும்போது பறக்கும் தூசி நுரையீரலில் தங்கி, சிலிகோசிஸாக வெளிப்பட வருஷக்கணக்கில் ஆகும். வேலையை விட்ட பிறகும் வரும். அதனால் அந்த மனிதர் எந்த லெவலில், அதாவது எந்த ஆழத்தில் நின்று எத்தனை காலம் துளை போட்டார் என்பதுதான் வழக்கின் உயிர். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. உள்ளே போய் வந்தவருக்குத்தான் இந்தக் கேள்விகள் வரிசையாக வாயில் வரும்.

மைசூர் அரசு 1940இலேயே சிலிகோசிஸுக்கென்று விதிகள் கொண்டுவந்தது. அந்தப் பத்தாண்டில் தங்கவயல் தொழிலாளர்களைச் சோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் நோய் இருந்தது. நினைத்தால் இன்றும் நெஞ்சு பதைக்கிறது. தங்களைக் கைரேகை எடுத்துப் பதிவு செய்வதை எதிர்த்து 1930இல் வேலைநிறுத்தம் செய்த ஜனங்கள் இவர்கள். மானத்துக்காக எழுந்து நின்றவர்களின் மூச்சையே அந்தத் தூசி பறித்துக்கொண்டது.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். விடியுமுன்னே மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறது அடுத்த தலைமுறை. நுகர்வோர் வழக்கென்று அவர்கள் நீட்டுகிற காகிதம் கடன் பத்திரமாகவோ இன்சூரன்ஸ் பாலிசியாகவோ இருக்கும். பெரியப்பா இருந்திருந்தால் அதையும் வாங்கிப் பார்த்திருப்பார். எங்கே வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள், யார் கூட இருந்தார்கள், படிக்க நேரம் கொடுத்தார்களா என்றுதான் ஆரம்பித்திருப்பார்.