சிறு பொறிகளின் செட்டு

செல்வம் மிக்கவன் செலவுக்கு அஞ்சான்; கைப்பொருள் சுருங்கியவனோ ஒவ்வொரு காசையும் எண்ணிப் பார்த்தே செலவிடுவான். இவ்வியல்பு மனிதர்க்கு மட்டும் உரியதன்று. மனிதர் படைத்த சிறு பொறிகளுக்கும் உரியதாகும்.

அமெரிக்க நாட்டின் மெய்ன் மாநிலக் கடற்கரைக்கு அப்பால் கிரேட் டக் என்னும் சிறு தீவு ஒன்று உள்ளது. அங்கே லீச் பெட்ரல் என்னும் கடற்பறவைகள் மண்ணில் வளை தோண்டி முட்டையிடுகின்றன. அவ்வளைகளின் வெப்பமும் ஈரமும் எத்தகையன என்று அறிய ஆராய்ச்சியாளர் விழைந்தனர். ஆயின், ஆட்கள் அடிக்கடி சென்று வளையைக் கிளறினால், பறவை அஞ்சி முட்டையைக் கைவிட்டு நீங்கவும் கூடும். காண விரும்பியதே கெடுமாயின், அவ்வறிவால் யாது பயன்? ஆகவே, 2002-ஆம் ஆண்டுக் கோடையில், பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தாரும் அவர்க்குத் துணைநின்றோரும் கம்பியில்லா உணர்கருவிகளை அவ்வளைகளில் வைத்தனர். அவை அளந்தவை வானொலி அலையாகச் சென்று, செயற்கைக்கோள் வழியே தொலைவிலிருந்த அறிஞரை அடைந்தன.

உள்ளங்கையில் அடங்கும் அக்கருவிக்கு உணவு இரண்டு சிறு மின்கலங்களே. கணக்கிடுங்கால் குறிப்பு வைத்துக்கொள்ள அதற்கு இருந்த நினைவிடம் 4,096 பைட்டு. ஆங்கில எழுத்துகளாயின் இரண்டு மூன்று பக்கங்களுக்கு மேல் அதில் அடங்கா. இத்துணை எளிய கருவிகள் பல திங்கள் உழைத்தல் வேண்டும்.

கருவிகள் தம்முள் செய்தி பரிமாற வகுக்கப்படும் விதிகளை நெறிமுறை என்பர். பேசுவோர்க்கே களைப்பு உண்டு, கேட்போர்க்கு இல்லை என்பது உலகோர் எண்ணம். இக்கருவிகளிடத்து அது பொருந்தாது. செய்தி வருமோ என்று செவிசாய்த்துக் காத்திருத்தற்கும், செய்தியை அனுப்புதற்கு ஒப்பவே ஆற்றல் செலவாகும். ஓயாது காத்திருப்பின், ஒரு செய்தியும் வாராமலே மின்கலம் சில நாட்களில் வற்றிவிடும். எனவே, கருவி பெரும்பொழுது உறங்குதல் வேண்டும். எல்லாம் உறங்கினால், ஒன்று சொல்வதை மற்றொன்று கேட்பது எங்ஙனம்?

இதற்கு ஒரு வழி கண்டனர். கருவி இடையிடையே கணநேரம் விழித்து, அலை ஏதும் உண்டோ என்று பார்க்கும். இல்லையெனில் மீண்டும் உறங்கும். செய்தி சொல்லும் கருவியோ, அவ்வுறக்கம் கலையும் வரை நீண்டதோர் அழைப்பை விடுத்த பின்னரே செய்தியைச் சொல்லும். கேட்பதன் செலவு குறைந்தது. சொல்வதன் செலவு கூடியது.

2003-ஆம் ஆண்டில், ஒரு கருவியின் செய்தியை மற்றொன்று வாங்கிக் கைமாற்றி அனுப்பும் முறையும் அத்தீவில் கையாளப்பட்டது. அப்போது புதியதோர் இடர் தோன்றிற்று. தமக்கு உரியதல்லாத அண்டைக் கருவிகளின் பேச்சையும் கேட்க நேர்ந்தமையால், கருவிகளின் ஆற்றல் விரைந்து கரைந்தது.

இயற்கையும் தன் பங்கிற்கு இடர் விளைத்தது. ஈரம் அளக்கும் உறுப்பு நனைந்து, பொருந்தா அளவுகளைக் காட்டிய கருவிகள் பல பின்னர்ச் செயலற்றுப் போயின. பிழையெனத் தள்ளத்தக்க அவ்வளவே கருவியின் முடிவை முன்னறிவிக்கும் குறியாயிற்று.

ஆய்வுக்கூடத்து மேசைமீது செவ்வனே நடந்த விதி, ஈரம் படிந்த மண்வளையிலும் அவ்வாறே நடக்கும் என்று கொள்ளுதல் தகாது. விதி வகுப்போர், அதன்வழி ஒழுகுவோரின் கையிருப்பை முதற்கண் அளந்தறிதல் வேண்டும். அவ்வாறு அளந்து வகுத்தால், எளிய கருவியும் அரிய தொண்டு செய்யும். பறவையும் அஞ்சாது அடைகாக்கும்.