அரையால் வகுத்தால்

பின்னத்தைப் பின்னத்தால் வகுக்க ஒரு வரி விதி போதும்: இரண்டாவதைத் தலைகீழாக்கிப் பெருக்கு. பள்ளிக்கூடம் போன யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவார்கள். மற்றப் பாடமெல்லாம் மறந்துபோனவர்களுக்கும் இது நினைவிருக்கும். ஆனால் அந்த வகுத்தலுக்கு வீட்டிலிருந்தோ கடைத்தெருவிலிருந்தோ ஒரு கணக்குச் சொல்லுங்கள் என்றால் பலரும் தயங்குகிறார்கள். நான் ஆறாம் வகுப்புக்குப் பல ஆண்டுகளாகக் கணக்கு எடுக்கிறவள். அந்த விதியைப் பாடத்தின் முதல் நாளில் கரும்பலகையில் எழுதக் கூடாது, கடைசியில்தான் எழுத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். விதியில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அது முதலில் வந்துவிட்டால் பிள்ளைகள் அதற்குமேல் எதையும் கேட்பதில்லை. விடை சரியாக வந்துவிடுகிறது, ஆசிரியரும் சரி என்று குறியிட்டுவிடுகிறார், என்ன நடந்தது என்று இருவருமே பேசிக்கொள்வதில்லை.

ஐந்தாம் வகுப்புவரை பிள்ளைகளுக்கு வகுத்தல் என்றால் பங்கு வைப்பது. பன்னிரண்டு மிட்டாய், நான்கு பேர், ஆளுக்கு மூன்று. இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு அரையால் வகு என்றால் குழந்தை என்ன செய்யும்? அரை ஆளுக்கு எப்படிப் பங்கு வைப்பது? ஆனால் வகுத்தலுக்கு இன்னொரு முகம் உண்டு, அதுவும் அவர்களுக்குத் தெரிந்ததுதான். பன்னிரண்டு மிட்டாயை நாலு நாலாகப் பொட்டலம் கட்டினால் எத்தனை பொட்டலம் என்பது அது. இந்தக் கேள்வியில் நாலுக்குப் பதில் அரை வந்து உட்கார்ந்தாலும் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. மூன்று லிட்டர் பால் வேண்டும், அரை லிட்டர் பாக்கெட் எத்தனை வாங்கலாம்? தினமும் பால் வாங்கப் போகிற பிள்ளை உடனே ஆறு என்கிறது. அதைத்தான் 3 ÷ ½ = 6 என்று எழுதுகிறோம் என்று காட்டினால் வகுப்பே ஒரு நிமிடம் முகத்தைச் சுளிக்கும். “வகுத்தா குறையணுமே டீச்சர், எப்படி ஆறு வரும்?”

இந்தக் கேள்வி வந்தால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி. நான் பதில் சொல்வதில்லை. மூன்று லிட்டரை மூன்று லிட்டர் பாத்திரத்தால் அளந்தால் ஒரு தடவை, ஒரு லிட்டர் பாத்திரத்தால் மூன்று தடவை, அரை லிட்டரால் ஆறு தடவை, கால் லிட்டரால் பன்னிரண்டு தடவை என்று வரிசையாக அவர்களையே எழுதச் சொல்கிறேன். அளக்கிற பாத்திரம் சிறுத்தால் அளக்கிற தடவை கூடும். எண்ணைப் பார்த்து மலைத்த பிள்ளை பாத்திரத்தைப் பார்த்ததும் தெளிந்துவிடுகிறது.

பெரியவர்களுக்கும் இந்த இடம் வழுக்கும் என்பதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. சீனாவில் பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் ஷாங்காயிலிருந்து கிராமத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கே தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தவர் லிப்பிங் மா. பிறகு அமெரிக்காவுக்குப் போய் ஆராய்ச்சி செய்தார். தொடக்கப்பள்ளிக் கணிதம் பற்றிய அவருடைய நூல் 1999இல் வெளிவந்தது. அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரிடமும் சீன ஆசிரியர்கள் 72 பேரிடமும் கேட்ட கேள்விகளை வைத்து எழுதியது. அவற்றில் ஒன்று 1¾ ÷ ½. போட்டுக் காட்டுங்கள், பிறகு இதற்கு ஒரு வாழ்க்கைக் கணக்குச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். அமெரிக்க ஆசிரியர்களில் ஒரே ஒருவர்தான் கருத்துப் பிழையில்லாத கணக்கைச் சொன்னார். மற்றவர்களில் பலர் ஒன்றே முக்கால் பண்டத்தை இரண்டு பேருக்குச் சமமாகப் பிரித்தார்கள். அது இரண்டால் வகுப்பது, விடை முக்காலே அரைக்கால். அரையால் வகுப்பது என்றால் ஒன்றே முக்கால் லிட்டர் பாலை அரை அரை லிட்டராக ஊற்றுவது, மூன்றரை பாட்டில் வரும். சீன ஆசிரியர்களில் பெரும்பாலோர் சரியான கணக்கைச் சொன்னார்கள், சிலர் ஒன்றுக்கு மேலும் சொன்னார்கள். இந்தக் கேள்வியை நம் ஆசிரியர் பயிற்சி ஒவ்வொன்றிலும் முதல் கேள்வியாக வைக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. யாரையும் மடக்குவதற்காக அல்ல, ஒரு நல்ல பேச்சைத் தொடங்குவதற்காக.

விடை மீதியில்லாமல் வருகிற கணக்கு எளிது. மீதி வருகிற கணக்கில்தான் இந்தப் பாடத்தின் உயிர் இருக்கிறது. அதற்கு நான் துணி வைத்திருக்கிறேன். இரண்டு மீட்டர் காடாத்துணி, ஒரு இஞ்ச் டேப், டெய்லர் சாக்பீஸ். ஒரு தலையணை உறைக்கு முக்கால் மீட்டர் வேண்டும், இரண்டு மீட்டரில் எத்தனை உறை? டேப்பின் சென்டிமீட்டர் பக்கத்தை வைத்து ஒருத்தி 75இல் ஒரு கோடு போடுகிறாள், 150இல் இன்னொரு கோடு. அதற்குப் பிறகு 50 சென்டிமீட்டர் கிடக்கிறது. “ரெண்டு உறை, அரை மீட்டர் மிச்சம். அப்ப ரெண்டரை டீச்சர்” என்று ஒரு கூட்டம். விதியை ஏற்கெனவே ட்யூஷனில் படித்த ஒருவன் நோட்டில் போட்டுப் பார்த்து 2⅔ என்கிறான். அவனுக்கும் மூன்றில் இரண்டு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. துணியில் கிடப்பது அரைதானே?

இந்தச் சண்டையை ஆசிரியர் தீர்த்து வைக்கக் கூடாது. எங்கள் வகுப்பில் அம்மா தையல் மிஷின் போடுகிற பெண் ஒருத்திதான் தீர்த்தாள். “அரை மீட்டர் வேற, அரை உறை வேற. இந்த மிச்சத்துல அரை உறைக்கு மேலயே வரும்” என்றாள். எப்படித் தெரியும் என்று மற்றவர்கள் விடவில்லை. முக்கால் மீட்டர்த் துண்டை எடுத்து மூன்றாக மடித்தாள். ஒவ்வொரு மடிப்பும் 25 சென்டிமீட்டர். மிச்சத் துணியை அதன்மேல் போட்டால் இரண்டு மடிப்பை மூடியது. மூன்று மடிப்பில் இரண்டு. மிச்சம் மீட்டரில் பாதி, உறையில் மூன்றில் இரண்டு. ஒரே துண்டுத் துணிதான், எதைக்கொண்டு அளக்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் எண் மாறுகிறது. ஈவு சொல்வது மீட்டரை அல்ல, உறையை. பின்ன வகுத்தலில் பிள்ளைகள் செய்கிற தவறுகளில் பாதிக்குமேல் இந்த ஒரு இடத்தில்தான் பிறக்கிறது என்பது என் அனுபவம்.

அத்தோடு முடிவதும் இல்லை. “அப்ப மூணாவது உறை தைக்க முடியாதுல்ல?” என்றான் ஒருவன். முடியாது. துணிக்கு விடை இரண்டு உறை. பாலுக்கு மூன்றரை வந்ததே, அங்கே நான்கு பாட்டில் எடுத்து வைக்க வேண்டும். பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எண் மட்டும் இருக்கும். துணிக்காரருக்கு எத்தனை, பால்காரருக்கு எத்தனை என்பதைக் கணக்குப் போட்ட பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும்.

அந்த மூன்று மடிப்பிலிருந்து இன்னொரு வழி திறக்கிறது. எல்லாவற்றையும் கால் மீட்டராக எண்ணினால் இரண்டு மீட்டரில் எட்டுக் கால், உறைக்கு மூன்று கால். எட்டை மூன்றால் வகுத்தால் இரண்டே மூன்றில் இரண்டு. தலைகீழாக்கல் எதுவும் இல்லை, முழு எண் வகுத்தல்தான். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துக் கணக்கும் இந்தச் சாயலில் அமைந்ததுதான். அரை, கால், அரைக்கால், மாகாணி என்று ஒரு வரிசை, மா, காணி, முந்திரி என்று இன்னொரு வரிசை. முந்திரி என்பது ஒன்றில் 320இல் ஒரு பங்கு. முக்கால் 240 முந்திரி, அரைக்கால் 40 முந்திரி. முக்காலில் எத்தனை அரைக்கால் என்றால் 240இல் எத்தனை 40 என்று கேட்டால் போதும், ஆறு. எண்சுவடியில் கீழ்வாய் இலக்கம் என்ற பின்ன வரிசையை மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்குப் பின்னம் என்பது எண்ணக்கூடிய பொருளாக இருந்தது. அந்த மனப்பாட முறை திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ‘எல்லாவற்றையும் ஒரே சிறு அளவுக்குக் கொண்டுவா’ என்ற யோசனையை நாம் விட்டுவிட்டோமே என்ற வருத்தம் உண்டு.

இனி விதிக்கு வரலாம். அதற்கு வேறு வகைக் கணக்கு வேண்டும், எத்தனை தடவை என்ற கேள்வி அங்கே உதவாது. மூன்று கிலோ உளுந்து 360 ரூபாய் என்றால் ஒரு கிலோ என்ன விலை? எல்லோரும் மூன்றால் வகுத்து 120 என்பார்கள். சரி, முக்கால் கிலோ 90 ரூபாய், ஒரு கிலோ? மூன்று இருந்த இடத்தில் முக்கால், ஆகவே இது 90 ÷ ¾. மளிகைக் கடைக்குப் போய்ப் பழகிய பிள்ளை இதை எப்படிப் போடுகிறது என்று கவனிக்க வேண்டும். முக்கால் கிலோவில் மூன்று கால் கிலோ இருக்கிறது. 90ஐ மூன்றால் வகுத்தால் கால் கிலோ 30 ரூபாய். கால் கிலோ நான்கு சேர்ந்தால் ஒரு கிலோ, 120 ரூபாய். மூன்றால் வகுத்தது, நான்கால் பெருக்கியது. அதை அப்படியே பலகையில் எழுதிக் காட்டினால் 90 × 4/3. முக்கால் தலைகீழாகி நிற்கிறது! யாரும் அதைப் பிடித்துத் திருப்பவில்லை. கால் கிலோவுக்கு இறங்கி, அங்கிருந்து முழுக் கிலோவுக்கு ஏறியதன் தடம் அது. தலைகீழி என்ற சொல்லை நான் அந்த நிமிடத்தில்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

இந்த விதி நம் பக்கத்துச் சொத்தும்தான். ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷரின் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், கன்னட நாட்டில் வாழ்ந்த மகாவீரர் என்ற சமணக் கணித அறிஞர் கணித சார சங்கிரகத்தில் இதைத் தெளிவாக விதித்திருக்கிறார். அந்த நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ரங்காச்சாரியார். 1912இல் சென்னையில் அச்சானது.

வாழ்க்கைக் கணக்கு என்ற பெயரில் வருகிற பல கணக்குகளில் வாழ்க்கை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏழில் ஐந்து கிலோ சர்க்கரை எந்தக் கடையில் நிறுத்துத் தருகிறார்கள்? குழந்தை அதைப் படித்ததும், இது நம்மைப் பற்றியது அல்ல என்று ஒதுங்கி, எண்களை மட்டும் பிடுங்கிப் போட்டுவிடும். பின்னத்தின் கீழே வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வீடு இருக்கிறது, தேடினால் கிடைக்கும். ஏழுக்கு வாரம். எட்டுக்குத் தங்கம். சவரனுக்கு எட்டு கிராம் என்பதால் ஒரு கிராம் அரைக்கால் சவரன். மூன்று சவரன் பழைய நகையை உருக்கினால் முக்கால் சவரன் மோதிரம் எத்தனை என்று கேட்டால் (சேதாரத்தை இப்போதைக்கு விட்டுவிடலாம்) பெண்பிள்ளைகள் மட்டுமல்ல, பையன்களும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஐந்துக்கு ரவிக்கைத் துணி: 80 சென்டிமீட்டர் என்பது ஐந்தில் நான்கு மீட்டர், நான்கு மீட்டரில் ஐந்து ரவிக்கை. மூன்றுக்கும் ஆறுக்கும் கடிகாரம். இருபது நிமிடம் மணியில் மூன்றில் ஒன்று. கதையே இல்லாத வெறும் கணக்குகளும் பிறகு வேண்டும், எட்டாம் வகுப்புக்குப் போனால் விகிதமுறு எண்களை எந்தத் துணியும் பாலும் இல்லாமல்தான் வகுக்க வேண்டியிருக்கும். அதற்கான நாள் வரும்.

பாடத்தின் கடைசி வாரம் பிள்ளைகளையே கணக்கு எழுதச் சொல்கிறேன். எழுதியவர் படிக்க வேண்டும், வகுப்பு ஒத்துக்கொள்ள வேண்டும். ‘எங்க வீட்டுல அப்படி வாங்கமாட்டாங்க’ என்று ஒருவர் எழுந்தால் கணக்கைத் திருத்தியாக வேண்டும். கூட்டுக் குடும்பத்துப் பெண் ஒருத்தி எழுதிய கணக்கு இது: வீட்டில் 26 கிலோ அரிசிச் சிப்பம், ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோ, மூன்று வேளையும் ஒரே அளவு, எத்தனை நாள் வரும்? நானாக இருந்தால் 25 என்று எழுதியிருப்பேன். பொட்டலமிட்ட அரிசிக்கு 25 கிலோவரை 2022 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு கடைகளில் 26 கிலோ சிப்பம் பரவிவிட்டது, அவள் கண்ணால் பார்த்ததை எழுதினாள். விடை பதினேழே மூன்றில் ஒன்று. அரைக் கிலோ மிச்சம், அது ஒரு நாளில் மூன்றில் ஒன்று. பதினெட்டாம் நாள் காலைச் சாப்பாட்டோடு சிப்பம் காலி என்று படித்தாள்.

உடனே ஒருவன் எழுந்தான். “காலைல இட்லிதான சாப்பிடுவீங்க? அதுக்கு இட்லி அரிசி வேற.” வகுப்பு அவன் பக்கம் சாய்ந்துவிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை, உட்கார்ந்து திருத்தினாள். ஒன்றரைக் கிலோ இப்போது இரண்டு வேளைக்கு, வேளைக்கு முக்கால் கிலோ. பதினேழு நாள் மாறவில்லை, மிச்ச அரைக் கிலோவும் மாறவில்லை. ஆனால் பதினெட்டாம் நாள் மதியத்துக்கு முக்கால் கிலோ வேண்டும், இருப்பது அரை. ½ ÷ ¾. முதலில் எல்லாவற்றையும் கால் கிலோவாக்கிப் பார்த்தாள், பிறகு தலைகீழியால் பெருக்கியும் பார்த்தாள், இரண்டிலும் மூன்றில் இரண்டு வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு மூன்றில் இரண்டு பங்குதான் தேறும், அதனால் பதினேழாம் நாளே அடுத்த சிப்பம் வாங்கிவிட வேண்டும் என்று விடையை எழுதி முடித்தாள்.