எண் 22

அயோவா மாநிலம், சீடர் ராப்பிட்ஸ். குவேக்கர் ஓட்ஸ் ஆலையில் தானியம் வேகும் வாசனை தெருக்களில் மிதக்கிறது. ஆலைக்குச் சற்றுத் தள்ளி கோ கல்லூரி. மாணவர்கள் ஆயிரத்துச் சொச்சம்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் இது மூன்றாம் பிரிவு. பந்தாடுவதற்காக இங்கே யாருக்கும் உதவித்தொகை கிடையாது. வகுப்பு முடிகிறது. பயிற்சி தொடங்குகிறது.

டெக்சஸிலிருந்து வந்த இரட்டையர் இருவர் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் இருக்கிறார்கள். ஒருவர் ஃப்ரெட் ஜாக்சன். பள்ளி நாட்களில் உருவம் சிறியது. அப்போது அவருக்குப் பழக்கமான இடம் பெஞ்ச். இங்கே அவர் ரன்னிங் பேக்.

ரன்னிங் பேக்கின் வேலையைச் சொல்வது எளிது. குவார்ட்டர்பேக் பந்தை வயிற்றில் திணிக்கிறார். எதிரே பதினொரு பேர். அவர்களுக்கு நடுவே ஓட வேண்டும். நான்கு முயற்சிகளில் பத்து கெஜம் கடந்தால் பந்து தங்கும். இல்லையென்றால் கைமாறும்.

எல்லைக்கோட்டில் சங்கிலி பிடித்துச் சிலர் நிற்கிறார்கள். சங்கிலியின் நீளம் சரியாகப் பத்து கெஜம். சந்தேகம் வந்தால் சங்கிலி உள்ளே வருகிறது. இழுத்துப் பிடிக்கிறார்கள். நடுவர் குனிகிறார். சில நாள் விரற்கடை தூரம் போதவில்லை.

2003 ஏப்ரல். நியூயார்க்கில் தொழில்முறை லீக் அணிகளின் வீரர் தேர்வு. இரண்டு நாள், ஏழு சுற்று, 262 பெயர்கள். ஃப்ரெட் ஜாக்சன் என்ற பெயர் வாசிக்கப்படவில்லை.

ஜாக்சன் போய்ச் சேர்வது சூ சிட்டி. அதே அயோவா, மேற்கு ஓரம். கூரை போட்ட அரங்கு. தரையில் பச்சை விரிப்பு. மைதானம் பாதி: ஐம்பது கெஜம். கோட்டுக்கு வெளியே புல் இல்லை, மெத்தை வைத்துத் தைத்த சுவர். ஓடுகிறவரைச் சுவரோடு சேர்த்து அமுக்குகிறார்கள். முதல் வரிசையில் இருப்பவர்கள் பாப்கார்ன் டப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அணியின் பெயர் பேண்டிட்ஸ். சம்பளம் வாரத்துக்கு 200 டாலர். ஆட்டம் இல்லாத நேரத்தில் ஜாக்சனுக்கு வேறொரு வேலை இருக்கிறது. தடம் மாறிய பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்வது. 2004 முழுக்க இப்படி. 2005 முழுக்க இப்படி.

பஃபலோ, 2006. மார்வ் லெவி பொது மேலாளராகத் திரும்பி வருகிறார். வயது எண்பது. முன்பு இதே அணியின் பயிற்சியாளர். தொடர்ந்து நான்கு ஆண்டு இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் வரை கூட்டிப் போனவர். நான்கிலும் தோல்வி. அவர் படித்ததும் கோ கல்லூரியில்தான்.

பஃபலோ பில்ஸ் ஜாக்சனை ஒப்பந்தம் செய்கிறது. உடனே ஜெர்மனிக்கு அனுப்புகிறது. ட்யூசல்டார்ஃப் நகரில் ரைன் ஃபயர் அணி. வசந்தகாலம் அங்கே கழிகிறது.

திரும்பி வந்ததும் பயிற்சிக்குழு. இந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பயிற்சிக்குழு ஆட்டக்காரர் அணியோடு ஓடுகிறார், அணியோடு சாப்பிடுகிறார். ஆட்ட நாளில் அவருக்குச் சீருடை இல்லை.

வார நாட்களில் உதவிப் பயிற்சியாளர் ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டுகிறார். அட்டையில் வட்டங்கள், அம்புக்குறிகள். அடுத்த எதிரணி ஆடும் ஆட்டம் அது. ஜாக்சன் அட்டையைப் பார்க்கிறார். தலையசைக்கிறார். அம்புக்குறி காட்டும் வழியில் ஓடுகிறார். இந்த வாரம் அவர் நியூ இங்கிலாந்தின் ஓட்டக்காரர். இன்னொரு வாரம் மயாமியின் ஓட்டக்காரர். தன் அணி ஜெயிப்பதற்காக எதிரணியாக நடிக்கிறார், நாளுக்கு நாள், அட்டைக்கு அட்டை. 2006 பருவம் முடிகிறது. ஓர் ஆட்டத்தில்கூட அவர் கால் பதியவில்லை.

2007. பஃபலோ முதல் சுற்றிலேயே ஒரு ரன்னிங் பேக்கை எடுக்கிறது. மார்ஷான் லிஞ்ச், மொத்த வரிசையில் பன்னிரண்டாவது பெயர். ஜாக்சனுக்கு இப்போது சீருடை இருக்கிறது. எண் 22. லிஞ்ச் ஓடுகிறார். ஜாக்சன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டோரம் நிற்கிறார்.

லிஞ்சுக்கு அடிபடுகிறது.

டிசம்பர் 2, மேரிலாந்து மாநிலம் லேண்டோவர். வாஷிங்டன் அணியின் அரங்கு. ஐந்து நாளுக்கு முன்னால் அந்த அணியின் சீன் டெய்லர் இறந்துபோனார். மயாமியில், தன் வீட்டுக்குள் புகுந்தவர்களால் சுடப்பட்டு. வயது 24. எண் 21.

பார்வையாளர் கைகளில் வெள்ளைத் துண்டுகள். துண்டுகளில் 21. இரு அணி ஹெல்மெட்டுகளிலும் சிறிய 21. பெரியவர்கள் முகத்தை அதே துண்டால் துடைக்கிறார்கள்.

டெய்லர் ஆடிய இடம் சேஃப்டி. எல்லோருக்கும் பின்னால் கடைசியாக நிற்பவர். முன்னால் உள்ள பத்துப் பேரும் தவறவிட்டால், பிடிக்க வேண்டியவர் அவர்தான்.

பஃபலோவின் முதல் முயற்சி. வாஷிங்டன் தடுப்பாளர்கள் வரிசையில் நிற்கிறார்கள். எண்ணினால் பத்துப் பேர். பதினோராவது இடத்தில் வெறும் புல். யாரும் அவசரமாக ஓடி வந்து நிரப்பவில்லை. அது மறதி இல்லை என்பது மெல்ல அரங்குக்குப் புரிகிறது.

பந்து நகர்கிறது. ஜாக்சன் கையில் வருகிறது. இந்த லீக்கில் அவர் தொடக்க வீரராக ஆடும் முதல் போட்டி இது. அந்தப் போட்டியின் முதல் ஓட்டம். திறப்பு தெரிகிறது. நுழைகிறார். பத்துப் பேரில் ஒருவர் எட்டிப் பிடித்து வீழ்த்துவதற்குள் 22 கெஜம்.

எழுந்து பந்தை நடுவரிடம் கொடுக்கிறார். சங்கிலிக்காரர்கள் நடக்கிறார்கள். வாஷிங்டன் பக்கத்திலிருந்து ரீட் டௌட்டி உள்ளே ஓடி வந்து, டெய்லரின் இடத்தில் நிற்கிறார். இப்போது பதினொரு பேர்.

போட்டியின் கடைசி நொடிகள். வாஷிங்டன் இரண்டு புள்ளி முன்னால். 16-14. பஃபலோவின் ரையன் லிண்டெல் 51 கெஜ உதைக்குத் தயாராகிறார். வாஷிங்டன் பயிற்சியாளர் ஜோ கிப்ஸ் டைம்-அவுட் கேட்கிறார். உடனே இன்னொன்றும் கேட்கிறார். அடுத்தடுத்து இரண்டு கேட்க விதியில் இடமில்லை. அபராதம் 15 கெஜம். உதை 36 கெஜமாகச் சுருங்குகிறது. பந்து கம்பங்களுக்கு நடுவே போகிறது. 17-16.

மறுநாள் வாஷிங்டன் அணி மயாமிக்கு விமானம் ஏறுகிறது, இறுதிச் சடங்குக்கு.

2009. ஜாக்சன் இப்போது இரண்டு வேலை பார்க்கிறார். பந்தை வாங்கி ஓடுகிறார். எதிரணி உதைத்து அனுப்பும் பந்தைப் பிடித்தும் ஓடுகிறார். இரண்டாவது வேலையில் பந்து வானத்தில் இருக்கும்போதே, பத்துக்கும் மேற்பட்டவர்கள் முழு வேகத்தில் அவரை நோக்கி வருகிறார்கள். கண் பந்தில் இருக்க வேண்டும். வரும் கால்களின் சத்தம் காதில் விழும்.

2010 ஜனவரி 3, பருவத்தின் கடைசிப் போட்டி. ஆர்ச்சர்ட் பார்க்கில் பஃபலோவின் அரங்கு. பனி கொட்டுகிறது. கோடுகள் மறைகின்றன. எதிரே இண்டியானாபொலிஸ், அதுவரை 14 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. அடுத்த கட்டத்துக்காக அதன் நட்சத்திரங்கள் சீக்கிரமே கோட் போட்டுக்கொண்டு ஓரமாக நிற்கிறார்கள். பஃபலோவுக்கு அடுத்த கட்டம் எதுவும் இல்லை.

ஜாக்சன் கணக்கில் 850 கெஜம். ஆயிரத்துக்கு இன்னும் 150. ஒரே போட்டியில் அவ்வளவு தூரம் ஓடுவது பெரிய ரன்னிங் பேக்குகளுக்கும் அரிது. பந்து கொடுக்கப்படுகிறது. நான்கு கெஜம். மறுபடி பந்து. ஆறு. விழுகிறார், கையுறையிலிருந்து பனியைத் தட்டுகிறார், வரிசைக்கு நடக்கிறார். மறுபடி பந்து. இப்படி 33 முறை. மொத்தம் 212 கெஜம். பஃபலோ 30, இண்டியானாபொலிஸ் 7.

பருவக் கணக்கு: ஓட்டத்தில் 1,062. உதைப் பந்து பிடித்து ஓடியதில் 1,014. ஒரே பருவத்தில் இரண்டிலும் ஆயிரம் தொட்ட முதல் ஆள், லீக்கின் வரலாற்றிலேயே.

நான்கு மாதம் கழித்து பஃபலோ முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கை எடுக்கிறது. சி.ஜே. ஸ்பில்லர், ஒன்பதாவது பெயர். அக்டோபரில் லிஞ்ச் சியாட்டிலுக்கு மாற்றப்படுகிறார். அலமாரிகளில் பெயர்ப்பலகைகள் மாறுகின்றன. 22 அங்கேயே இருக்கிறது.

2011. பத்துப் போட்டிகளில் 934 கெஜம். அவர் ஆடியதிலேயே சிறந்த ஆண்டு. பத்தாவது போட்டி மயாமியில். கால் எலும்பு முறிகிறது. மீதி ஆறு போட்டியும் ஸ்பில்லர் ஓடுகிறார்.

திரும்பி வருகிறார். 2012, 2013, 2014. முழங்கால் காயங்கள், டேப் சுற்றிய விரல்கள். பஃபலோ ஒரு முறைகூட பிளேஆஃப் பார்க்கவில்லை.

பஃபலோவின் பதிவேட்டில், ஓட்டத்துக்கான பக்கம். முதல் வரி: தர்மன் தாமஸ், ஒக்லஹோமா ஸ்டேட், 11,938 கெஜம். இரண்டாம் வரி: ஓ.ஜே. சிம்ப்சன், சதர்ன் கலிஃபோர்னியா, 10,183. மூன்றாம் வரி: ஃப்ரெட் ஜாக்சன், கோ, 5,646.

2015 மார்ச். லெஷான் மெக்காய் என்ற ரன்னிங் பேக் பஃபலோவுக்கு வருகிறார். ஸ்பில்லர் நியூ ஆர்லியன்ஸுக்குப் போகிறார். ஆகஸ்ட் 31 அன்று ஜாக்சனை விடுவிப்பதாகப் பஃபலோ அறிவிக்கிறது. வயது 34. லீக்கில் அவரை விட மூத்த ரன்னிங் பேக் யாரும் இல்லை.

சில நாளில் சியாட்டில் அழைக்கிறது. அங்கே லிஞ்ச் இருக்கிறார். பழைய நண்பர்கள் மறுபடி ஒரே அறையில் ஷூ கட்டுகிறார்கள்.

லிஞ்சுக்கு அடிபடுகிறது. பந்து ஜாக்சனுக்குப் போகவில்லை. தாமஸ் ரால்ஸ் என்ற புதுப் பையனுக்குப் போகிறது. வயது 22. எந்த அணியும் தேர்வில் எடுக்காதவர். ரால்ஸ் அந்தப் பருவத்தில் 830 கெஜம் ஓடுகிறார்.

ஜாக்சன் மூன்றாவது முயற்சிகளில் இறங்குகிறார். குவார்ட்டர்பேக்குக்குப் பக்கத்தில் நிற்கிறார். பாய்ந்து வருகிறவரின் மார்பில் தோளைக் கொடுத்து நிறுத்துகிறார். பந்து தலைக்கு மேலே போகிறது. பருவம் முழுவதும் அவருக்குக் கிடைத்த ஓட்டங்கள் 26. கெஜம் சரியாக நூறு.