நம்ம ஏழுகிணறும் அத்தை ஊர் ஏழு கிணறும்

யானைக்கவுனியில் எங்கள் வீட்டில் ஒரு வார்த்தை புழங்கும். வேறெங்கும் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். 'கன்னியாச் சூடு' என்பது அது. குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர் விளாவும்போது என் மாமியார் முழங்கையைத் தண்ணீரில் நனைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் பச்சைத் தண்ணி ஊத்தும்மா, கன்னியாச் சூடு வரட்டும்" என்பார். கல்யாணமான புதிதில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ கன்னிப்பெண்களுக்கான சூடு போலிருக்கிறது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்! என் மகள் பிறந்த பிறகுதான் தைரியமாகக் கேட்டேன்.

கன்னியா என்பது ஓர் ஊர். இலங்கையில் திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பூமியிலிருந்து வெந்நீர் தானாகவே ஊறும் ஏழு கிணறுகள் அங்கே உண்டு. அத்தை பிறந்தது திருகோணமலையில். 1970-ல் கல்யாணமாகி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, ரயில் பிடித்து யானைக்கவுனிக்கு வந்தவர்.

எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் 'ஏழுகிணறு' என்றே ஒரு பேட்டை இருக்கிறது. 1772-ல் கோட்டைக்குக் குடிதண்ணீர் கொடுப்பதற்காக அங்கே கிணறுகள் வெட்டினார்களாம். "அட, இங்கேயும் ஏழு கிணறா!" என்று புதுப்பெண்ணாக வந்த அத்தை ஆசையோடு பார்க்கப் போனாராம். போய்ப் பார்த்தால் பச்சைத் தண்ணீர்! அன்றைக்கு அழுததை இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

சிரிக்காமல் சொல்லும் விஷயம் ஒன்றும் உண்டு. அத்தை கடைசியாகப் பிறந்த வீட்டுக்குப் போனது 1981-ல். அதற்குப் பிறகு அங்கே சண்டை. 1987-ல் அவருடைய அம்மா காலமானார். கடிதம் யானைக்கவுனிக்கு வந்து சேர இரண்டு மாதம் ஆனது. திருகோணமலைப் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையைக் கன்னியாவில் செய்து, அந்த வெந்நீரில் முழுகி எழுவது வழக்கம். அந்தச் சமயத்தில் கன்னியாவுக்குப் போக வழியில்லாமல், அத்தையின் தம்பி வீட்டுக் கிணற்றடியிலேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டார். "அம்மாவுக்குக் கன்னியாத் தண்ணி வார்க்கேல்லையே" என்ற குறை அத்தையின் மனசில் முள்ளாக இருந்தது. 2009-ல் சண்டை ஓய்ந்தது. அப்போது மாமனார் படுக்கையில் இருந்தார். பிறகு கொரோனா வந்தது. 2022-ல் இலங்கையில் பெட்ரோலுக்கும் மருந்துக்கும் தட்டுப்பாடு. 2024 மே மாதம்தான் வேளை கூடி வந்தது. அத்தைக்கு 76 வயது. முழங்கால் வலி, ரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. டாக்டர் "வெந்நீரில் அதிக நேரம் இருக்கக் கூடாது, மாத்திரையை விடக் கூடாது" என்று நிபந்தனை போட்டு அனுப்பினார்.

யானைக்கவுனியில் பார்க்காத யானை

சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. விமான நிலையத்திலிருந்து திருகோணமலை சுமார் 250 கிலோமீட்டர். வேன் வைத்துக்கொண்டோம். குருநாகல், தம்புள்ளை, ஹபரணை என்று போகிறது பாதை. ஹபரணையைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் காடு. சாலை ஓரத்தில் நிஜ யானை ஒன்று நின்று புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தது! "அம்மா, நம்ம தெருவுக்குப் பேருதான் யானை, யானையெல்லாம் இங்கதான் இருக்கு!" என்றாள் என் எட்டு வயது மகள். அடுத்து, குளக்கோட்டன் கட்டியதாகத் தமிழர்கள் சொல்லும் கந்தளாய்க் குளம். கடல் மாதிரி விரிந்து கிடக்கிறது.

கந்தளாய் தாண்டியதும் ஒரு வேடிக்கை நடந்தது. ஐம்பது வருஷமாக யானைக்கவுனித் தமிழ் பேசிய அத்தையின் வாயில் ஊர்ப் பேச்சு தானாக வந்துவிட்டது. இளநீர்க் கடைக்காரர், "எங்கயிருந்து வாறியள் அம்மா?" என்றார். "நான் இங்கத்தைப் பிள்ளைதான்" என்று அத்தை பளிச்சென்று சொன்னதும், என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

கோயிலும் கடலும்

திருகோணமலையில் முதலில் கோணேஸ்வரம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சுவாமிமலைப் பாறையின் உச்சியில் கோயில். சுற்றிலும் பிரெட்றிக் கோட்டை. கோட்டை வாசலிலேயே புள்ளிமான்கள் பசுமாடு மாதிரி சாவகாசமாகத் திரிகின்றன. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய தலம் இது. சம்பந்தர் கடல் கடந்து போகாமல், இராமேஸ்வரக் கரையில் நின்றபடியே பாடினார் என்பது மரபு. "நானும் அப்பிடித்தான், இவ்வளவு காலமும் அந்தக் கரையில நிண்டே கும்பிட்டனான்" என்றார் அத்தை.

1622-ல் போர்த்துகீசியர் பழைய கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். புதைந்து கிடந்த பஞ்சலோக விக்கிரகங்கள் 1950-ல் மண்ணைத் தோண்டும்போது கிடைத்தன. 1963-ல் கும்பாபிஷேகம் நடந்தது. அப்போது அத்தைக்குப் பதினைந்து வயது. கூட்டத்தில் தன் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நின்ற இடத்தைக் காட்டினார்.

கோயிலுக்குப் பக்கத்தில் பாறை இரண்டாகப் பிளந்திருக்கும் இடத்துக்கு இராவணன் வெட்டு என்று பெயர். எட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. கீழே நீலக் கடல். குழந்தைகளின் கையை விடாதீர்கள். அங்கே ஒரு மரத்தில், குழந்தை வரம் வேண்டியவர்கள் சின்னச் சின்னத் தொட்டில்கள் கட்டியிருக்கிறார்கள். துறைமுக வாயிலில் கடலடி திடீரென்று பெரும் பள்ளமாக இறங்குகிறதாம். அதனால் நீலத் திமிங்கிலங்கள்கூடக் கரைக்கு அருகில் வருகின்றன. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை அதிர்ஷ்டம் இருந்தால் இந்தப் பாறையிலிருந்தே பார்க்கலாம். எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபோது நம்ம ஊர்த் துறைமுகம் நினைவுக்கு வந்தது. நம்முடையது அலையோடு மல்லுக்கட்டி, கல்லைக் கொட்டி மனிதர் கட்டியது. 1881 புயல் அதையும் உடைத்துப் போட்டது. இதுவோ மலைகளே கை கோத்து நின்று காக்கும் இயற்கைத் துறைமுகம். அதனால்தான் எல்லா ராஜ்யங்களும் இதற்காகச் சண்டை போட்டன. 1942 ஏப்ரல் 9-ந் தேதி ஜப்பான் விமானங்கள் இங்கே குண்டு போட்டன. அதே மாதத்தில்தான் சென்னையிலும் ஜனங்கள் பயந்து ஊரைக் காலி செய்தார்கள்.

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடற்கரை வெண்மணல். கரையோரம் அலை மெதுவாக வருவதால் குழந்தைகள் கால் நனைக்கலாம். நிலாவெளியிலிருந்து படகில் சற்று தூரத்தில் புறாமலை. மாடப்புறாக்கள் இருப்பதால் இந்தப் பெயர். 2003-ல் இதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஆழமில்லாத தண்ணீரில் பவளப்பாறைகளும் வண்ண மீன்களும் தெரிகின்றன. பவளத்தை மிதிக்கவோ ஒடிக்கவோ கூடாது. அதற்கு உயிர் இருக்கிறது.

ஏழு கிணறு, ஏழு சூடு

மறுநாள் விடியற்காலையில் கன்னியா. ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டர்தான். இராவணன் தன் தாய்க்கு இறுதிக் கடன் செய்வதற்காக வாளால் ஏழு இடத்தில் பூமியைக் குத்தினான், ஏழிலும் நீர் பொங்கியது என்பது கதை. அரக்கன் என்கிறோம்; அம்மாவுக்காகக் கிணறு வெட்டியவன் என்று இங்கே சொல்கிறார்கள்.

இடம் இப்போது தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. சீட்டு வாங்கி உள்ளே போக வேண்டும். அத்தை சின்ன வயதில் தேங்காய் உடைத்த பிள்ளையார் கோயிலைத் தேடினார். அடித்தளம்தான் மிச்சம். 2019-ல் அந்த இடத்தைப் பற்றிப் போராட்டமும் வழக்கும் நடந்தன. அத்தை ஒன்றும் பேசவில்லை. வெறும் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கிணறு என்றதும் நம்ம ஊர்க் கிணறு மாதிரி ஆழமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். சிறிய சதுரத் தொட்டி போல, மூன்று நான்கு அடி ஆழம்தான். அடி மண் தெளிவாகத் தெரிகிறது; நடுநடுவே குமிழி வருகிறது. உள்ளே இறங்கக் கூடாது. வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும். அடுத்தடுத்து இருந்தும் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு! சூடானதில்கூட நாற்பது டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்குமாம்.

பக்கத்தில் எரிமலை இருக்குமோ என்று பயப்பட வேண்டாம். ஜப்பானில் பெப்பு என்ற கடற்கரை நகரில் ஆயிரக்கணக்கான வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. அவை எரிமலை நெருப்பால் சூடானவை. கன்னியா அப்படி இல்லை. மழைத் தண்ணீர் பாறை இடுக்கு வழியாக வெகு ஆழத்துக்கு இறங்குகிறது. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 25 டிகிரி சூடு ஏறும். அப்படிச் சூடான தண்ணீர் வேறு பிளவு வழியாக மேலே வருகிறது. வரும் வழியில் பச்சைத் தண்ணீர் எவ்வளவு கலக்கிறதோ, அதற்குத் தக்கபடி சூடு மாறுகிறது. நாம் அண்டாவில் விளாவுகிற கணக்குத்தான்!

அத்தை ஒவ்வொரு கிணற்றிலும் முழங்கையை நனைத்துப் பார்த்தார். "குழந்தைக்கு இது, பிள்ளைப் பெத்தவளுக்கு இது" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், ஐந்தாவதில் நின்றுவிட்டார். "இது இவ்வளவு சுடாதே. கிணறு மாறிட்டுதோ, இல்ல எனக்குத்தான் மறந்துபோச்சோ?" என்றார். முகம் வாடிவிட்டது.

"அத்தை, அம்மாவுக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ஓரத்துக் கிணற்றைக் காட்டி, "அம்மா எனக்கு முதல்ல வாக்கிறது இதிலதான்" என்றார்.

புரோகிதர் யாரையும் நாங்கள் அழைக்கவில்லை. முன்தினம் கோயிலில் கேட்டபோது குருக்கள், "முப்பத்தேழு வருஷம் கழிச்சுக் கிரியை வேண்டாம் அம்மா. பெத்தவளை நினைச்சுத் தண்ணி வாருங்கோ, போதும்" என்று சொல்லியிருந்தார். அத்தையை ஒரு கல்லில் உட்காரவைத்தேன். நான் மொண்டு கொடுத்தேன். முதல் வாளியை அத்தை தரையில் ஊற்றினார். வாய் எதையோ முணுமுணுத்தது. பிறகு ஏழு கிணற்றிலிருந்தும் ஒவ்வொரு வாளி. முதலில் காலில், பிறகு முழங்காலில், கடைசியில் தலையில். ஏழாவது வாளியில் அத்தை விம்மி விம்மி அழுதார். தண்ணீரோடு தண்ணீராகக் கண்ணீரும் போனது. என் மகள் ஓடி வந்து தன் குட்டிக் கையால் பாட்டியின் முதுகைத் தேய்த்துவிட்டாள்.

விடுதிக்குத் திரும்பி, இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டு, பிற்பகல் முழுக்க அத்தை குழந்தை மாதிரி தூங்கினார். அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

போக நினைக்கும் சகோதரிகளுக்கு

கடல் அமைதியாக இருப்பது சித்திரை கடைசியிலிருந்து புரட்டாசி வரை. ஐப்பசி முதல் தை வரை மழையும் கொந்தளிப்பும் இருக்கும். விசா விவரத்தைக் கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். அது நின்று நின்று ஓடுவதால், அதை நம்பித் திட்டம் போடுமுன் கேட்டுக்கொள்வது நல்லது.

கன்னியாவுக்கு விடிந்ததும் போங்கள். கூட்டமும் வெயிலும் குறைவு. மாற்றுடையும் பெரிய துண்டும் கையோடு இருக்கட்டும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் குளிக்க வேண்டாம். ரத்தக் கொதிப்பு, இருதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் வெந்நீர் ஊற்றில் குளிக்கக் கூடாது. சர்க்கரை வியாதிக்காரர்களுக்குப் பாதத்தில் சூடு உறைக்காமல் போகலாம்; அவர்களுக்காக வேறொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். எடுத்தவுடன் தலையில் ஊற்றாமல் காலிலிருந்து ஆரம்பியுங்கள். குளித்ததும் சட்டென்று எழுந்திருக்காதீர்கள், மயக்கம் வரலாம். வெந்நீர் மூட்டு வலியைக் கொஞ்ச நேரம் இளக்கும், அவ்வளவுதான். அத்தையின் முழங்கால் வலி ஊருக்கு வந்ததும் கூடவே வந்துவிட்டது!

கைக்குழந்தைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தையின் தோல் மெல்லியது. நம் உள்ளங்கை அடுப்பங்கரையில் காய்ச்சுப் போனது, அதை நம்பாதீர்கள். முழங்கையை நனைத்துப் பாருங்கள். 37, 38 டிகிரி, அதாவது நம் உடம்புச் சூட்டளவு இருந்தால் போதும்.

போன மாதம் என் நாத்தனார் பிரசவத்துக்கு வந்திருந்தாள். அத்தைக்குக் குனிய முடியவில்லை. நான்தான் குழந்தைக்கு வெந்நீர் விளாவினேன். முழங்கையை நனைத்துப் பார்த்தேன். அத்தை நாற்காலியில் உட்கார்ந்தபடி, "எப்பிடி இருக்கு?" என்றார்.

"கன்னியாச் சூடு, அத்தை" என்றேன்.

"எந்தக் கிணறு?" என்று கேட்டார்.

"உங்க அம்மா வார்த்தது."

"அப்ப சரி, ஊத்து பிள்ளை" என்றார்.