பாரம் எங்கே கிடக்கிறது?

அன்புள்ள பண்டாரவளை உறவுகளுக்கு,

நான் இருப்பது நியூசிலாந்தின் ஹமில்டனில். ஊரைச் சுற்றி மேடும் பள்ளமுமான புல்வெளிகள், மாட்டுப் பண்ணைகள். அந்த மேடுகளில் உரம் போட ஆட்கள் ஏறுவதில்லை, விமானம் போடுகிறது. குன்றின் தலையில் ஒரு துண்டு ஓடுபாதை, பக்கத்தில் உரம் ஏற்றும் லொறி. ஃப்ளெட்சர் விமானம் இறங்கும், நிரப்பிக்கொள்ளும், சரிவில் ஓடி எழும்பும், சில நிமிடங்களில் மறுபடி வந்து நிற்கும். பாரத்தோடு எழும்பும் அந்த நொடிகளில் இந்தத் தொழிலில் உயிர் பறிபோவதுண்டு. விமானம் மேலே வர மறுத்தால் விமானி ஒரு பிடியை இழுத்து உரம் முழுவதையும் கொட்டிவிடலாம். யோசிக்க ஒரு மூச்சு நேரம்தான் கிடைக்கும்.

ஆட்களை அப்படிக் கொட்ட முடியாது.

2010 செப்டம்பர் 4 விடியற்காலை கிறைஸ்ட்சர்ச்சில் 7.1 அளவில் நிலம் நடுங்கியது. நாடே அங்கே பார்த்துக்கொண்டிருந்த அன்று பிற்பகல், தென்தீவின் ஃபொக்ஸ் கிளேசியரில் ஒரு ஃப்ளெட்சர் எழும்பிய கையோடு விழுந்து எரிந்தது. உரம் தூவ என்று இருந்த விமானம் அது. வானத்திலிருந்து குதிக்கும் பயணிகளுக்காக மாற்றி அமைத்திருந்தார்கள். ஒன்பது பேர் போய்விட்டார்கள்: விமானி, குதிக்கப் பழக்கும் நால்வர், சுற்றுலா வந்த நால்வர்.

விபத்து விசாரணை ஆணையத்தின் 2012 அறிக்கையைப் படித்தபோது என் கை நடுங்கியது. விமானத்துக்கு அனுமதிக்கப்பட்ட நிறையை விட 17 கிலோ கூடுதல். ஆனால் உரம் சுமந்த காலத்தில் அதற்கு இருந்த எல்லையோடு பார்த்தால் 242 கிலோ குறைவு! கோளாறு நிறையில் அல்ல, நிறை இருந்த இடத்தில். பாரத்தின் மையம் எல்லையைத் தாண்டி 12 சென்டிமீட்டர் பின்னுக்குப் போயிருந்தது. மாற்றி அமைத்த பிறகு ஆட்களை ஏற்றுவதற்கு முன் அந்தக் கணக்கை யாரும் போடவில்லை. விபத்துக்கு அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது என்று ஆணையமே பிறகு தன் முடிவைத் திருத்திக்கொண்டது. சிதைவுகளைச் சில நாட்களிலேயே புதைத்துவிட்டதால் தேடிப் பார்க்கவும் வழி குறைந்தது. என்றாலும், போடாத கணக்கு போடாத கணக்குதான்.

எனக்கு அப்போது அம்மா ஞாபகம் வந்தார். பண்டாரவளைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர். தலையில் கயிறு, முதுகில் கூடை, காலடியில் செங்குத்து மலை. "அடியில அமுக்காத, பாரம் பின்னால இழுக்கும், சறுக்கிருவ" என்பார் புதிதாக வரும் பிள்ளைகளிடம். மாலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஈரத்துக்கு என்று கிலோக்களைக் கழிப்பார்கள். அம்மா ஒரு நாளும் கேட்காமல் நகர்ந்ததில்லை. சண்டைக்காரி என்று பெயர் வாங்கினார். எனக்கு அதில் பெருமைதான்.

2020 ஜனவரி 3 அன்று அக்கா அழைத்துப் பதறினார். ஹப்புத்தளையில் பிளேன் விழுந்துவிட்டது என்றார். வீரவிலவிலிருந்து கண்காணிப்புக்கு வந்த இலங்கை விமானப்படையின் வை-12 விமானம். நால்வர் இறந்தார்கள். உரம் தூவ வந்த விமானமல்ல, எழும்பும்போது விழுந்ததும் அல்ல. ஆனால் நாம் விளையாடிய அதே மலைகள். அவர்களும் வேலைக்குப் போன பிள்ளைகள். அதன் பிறகு அன்று என்னால் வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

நம் பக்கம் கொழுந்து மூட்டையோடு ஆட்களையும் ஏற்றிக்கொண்டு லொறியும் டிரக்டரும் அந்த வளைவுகளில் இறங்குகின்றன. தங்கச்சிமாரே, தம்பிமாரே, ஏறுவதற்கு முன் கேளுங்கள்: எத்தனை பேர், எவ்வளவு மூட்டை, பாரம் எங்கே கிடக்கிறது? கேட்டால் தோட்டத் துரைக்குக் கோபம் வரும் என்றால் வரட்டும்.